காரணம் தெரியாமல் மீன்கள் செத்த தொட்டியை மறுபடி தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தொட்டியில் மீன்கள் திடீரென்று செத்துப்போனால், பலரும் அன்றைக்கே தண்ணீரைக் கொட்டி, எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, அடுத்த வாரமே புது மீன் வாங்கி விடுகிறார்கள். அதுவும் செத்த பிறகுதான் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் நன்னீர்த் தொட்டிக்கானவை. கடல்நீர்த் தொட்டிக்குக் கணக்கு வேறு.

1. மீனெல்லாம் செத்துப் போச்சு. இப்போ முதல்ல என்ன செய்யணும்?

செத்த மீன்களை உடனே வெளியே எடுங்கள். அழுகும் உடல் தண்ணீரில் அம்மோனியாவைக் கூட்டிக்கொண்டே போகும். கல் இடுக்கு, செடி வேர், ஃபில்டர் குழாயின் வாய் என்று எல்லா இடத்திலும் தேடி, மீன்களின் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஃபில்டரையும் காற்று பம்பையும் நிறுத்த வேண்டாம்.

அப்புறம், எதையும் கொட்டுவதற்கு முன் சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அன்றைக்கே சோதித்துவிட்டால் நல்லது. அந்தத் தண்ணீர்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. செத்து அதிக நேரம் ஆகாத மீன் இருந்தால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான செவுள் நல்ல சிவப்பாக இருக்கும். காய்ந்த ரத்தம் போலப் பழுப்பாக இருந்தால் நைட்ரைட் (அம்மோனியாவில் இருந்து உருவாகும் இன்னொரு விஷம், 4-ஆம் பதிலில் வருகிறது) மேல் சந்தேகம் வர வேண்டும். செத்துப் பல மணி நேரம் ஆன மீனின் செவுள் எப்படியும் வெளுத்துவிடும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

கடைசியாக, போன 10 நாளில் நடந்ததை எழுதி வையுங்கள். புது மீன், புதுச் செடி, தண்ணீர் மாற்றம், ஃபில்டர் கழுவியது, மின்தடை, மருந்து, வீட்டில் பெயின்ட் அடித்தது, பூச்சி மருந்து தெளித்தது என எதையும் விட்டுவிடாதீர்கள்.

2. காரணமே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எந்த வேகத்தில், எந்த வரிசையில் செத்தன என்று பாருங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும். நேற்று இரவு நன்றாக இருந்த மீன்கள் மொத்தமும் காலையில் மிதந்தால், நோயை விட்டுவிட்டு குளோரின், ஆக்ஸிஜன் குறைவு, விஷம், ஹீட்டர் கோளாறு என்று யோசியுங்கள். ஆக்ஸிஜன் குறையும்போது பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் போகும். மேற்பரப்பில் இருந்தே காற்றை மூச்சாக எடுக்கும் பெட்டா, கௌராமி போன்றவை மட்டும் தப்பித்திருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

தினம் ஒன்று இரண்டாக ஒரு வாரத்துக்குள் போனால் அம்மோனியாவோ நைட்ரைட்டோ இருக்கலாம். தொட்டி புதிது என்றாலும், சமீபத்தில் ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில், உடம்பு மெலிந்தோ, புள்ளி, பஞ்சு, புண் வந்தோ ஒவ்வொன்றாகப் போனால் அது நோய்.

இறால், நத்தை இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். மீன் நன்றாக இருக்க இறால் மட்டும் செத்தால் தாமிரம் அல்லது பூச்சிக்கொல்லி மேல் சந்தேகம் வரும். தாமிரம் கலந்த மீன் மருந்து ஒன்றே அதற்குப் போதும். மீன் செத்து இறால் உற்சாகமாகத் திரிந்தால், மீனுக்கு மட்டும் வரும் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சே, அப்புறம் எப்படி?

அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில் இருந்தாலும் நம் மூக்குக்குத் தெரியாது. தெளிவான தண்ணீர் என்றால் மிதக்கும் துகள் குறைவு, அவ்வளவுதான். புதுத் தொட்டியில் சில நாள் வரும் பால் போன்ற கலங்கலைப் பார்த்துப் பயந்து தண்ணீரை முழுக்க மாற்றுபவர்கள், தெளிந்த தண்ணீரைச் சோதிக்காமல் விடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

4. டெஸ்ட் கிட் எண்களை எப்படிப் படிக்கிறது?

மீன் கழிவில் இருந்து அம்மோனியா வரும். ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா இனங்கள் இருப்பது 2015-ல்தான் தெரிய வந்தது. இந்த நுண்ணுயிர்கள் எல்லாம் பெரும்பாலும் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான். ஓடி நிலைத்த தொட்டியில் அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்றுதான் வர வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம்.-க்குக் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இருந்தால் போதும்.

அம்மோனியா எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. கிட் காட்டுவது பெரும்பாலும் மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்லும் பங்கு எவ்வளவு என்பதை பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் அந்தப் பங்கு சுமார் 0.6 சதவீதம். பி.எச். 8 என்றால் 5 சதவீதத்துக்கும் மேல். கிட்டில் தெரியும் எண் மாறாமலே விஷம் கிட்டத்தட்ட 10 மடங்கு கூடிவிடுகிறது.

இன்னொன்று: பல மாதமாக ஓடும், செடி இல்லாத தொட்டியில் நைட்ரேட் 0 என்று வந்தால் நம்பாதீர்கள். பல நைட்ரேட் கிட்களில் ஒரு பாட்டிலை நன்றாகக் குலுக்கச் சொல்லியிருப்பார்கள். அடியில் படிந்த மருந்து கலக்காவிட்டால் எண் பொய்யாக வரும்.

5. டெஸ்ட்ல எல்லாம் சரின்னுதான் வருது. ஆனாலும் செத்துச்சே?

முதலில், தண்ணீரை எப்போது எடுத்தீர்கள் என்று பாருங்கள். மீன் செத்த பிறகு தண்ணீரை மாற்றிவிட்டுச் சோதித்தால் புதுத் தண்ணீரைத்தான் சோதிக்கிறீர்கள்.

அப்புறம், வழக்கமான கிட் பார்க்காத விஷயங்கள் நிறைய உண்டு. ஆக்ஸிஜன் அதில் ஒன்று. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்துக்கொள்ளும், 30 டிகிரியில் அது சுமார் ஏழரைதான். செடிகளும் இரவில் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலை நேரம்தான் மிக மோசம். மீன்கள் அந்த நேரத்தில் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இதைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று பூச்சிக்கொல்லி. கொசு, கரப்பான் மருந்துகளில் இருக்கும் பைரெத்ராய்டு வகைகள் மனிதருக்கு அவ்வளவு ஆபத்து இல்லாத அளவிலேயே மீனுக்குக் கொடிய விஷம். மூடியிட்ட தொட்டிக்குக் கூட இது போய்ச் சேரும், ஏனென்றால் காற்று பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. பெயின்ட், வார்னிஷ் வாடையும் இந்த வழியாகத்தான் வரும். கையில் இருந்த சானிடைசர், லோஷன், சோப்பு நுரை ஒட்டிய வாளி ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கென்று தனி வாளி ஒன்றை ஒதுக்கிவிட்டால் கடைசிச் சந்தேகம் நிரந்தரமாகத் தீரும்.

6. தண்ணீர் மாத்தின மறுநாளே செத்துச்சு. மாத்தச் சொல்லித்தானே எல்லாரும் சொல்றாங்க?

மாற்றத்தான் வேண்டும். ஆனால் இரண்டு இடத்தில் சறுக்குகிறது. ஒன்று, குளோரின். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சாதாரணக் குளோரினுக்கு மட்டும் சரி. பல குடிநீர் வழங்கல்களில் குளோராமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) சேர்க்கிறார்கள். அது ஒரு நாளில் ஆவியாகாது. அதற்கு ஆன்டி குளோரின் கரைசல்தான் வழி. குளோராமைன் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா வெளியே வரும் என்பதால், அதையும் கட்டுப்படுத்தும் கரைசலாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, பலரும் அறியாதது. பல மாதம் தண்ணீர் மாற்றாமல் மேலே மேலே நிரப்பி மட்டும் வந்த தொட்டியில் கார்பனேட் கடினத்தன்மை (பி.எச்.-ஐ இறங்காமல் தாங்கும் உப்புகளின் அளவு, காரத்தன்மை என்றும் சொல்வார்கள்) தீர்ந்து பி.எச். 6-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த அளவில் நுண்ணுயிர்கள் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும், அம்மோனியா சேரும். ஆனால் பி.எச். குறைவாக இருப்பதால் மீனுக்கு அது உறைக்காது. ஒருநாள் நல்லெண்ணத்தோடு பாதித் தண்ணீரை மாற்றினால் பி.எச். எகிறும், 4-ஆம் பதிலில் சொன்ன கணக்குப்படி அத்தனை அம்மோனியாவும் விஷமாகும். தண்ணீர் மாற்றியதால் செத்தது போலத் தெரியும். உண்மையில் மாற்றாமல் விட்டதால் செத்தது. இப்படிப்பட்ட தொட்டியில் தினம் 10 சதவீதமாக மெல்ல மாற்றுவதே பாதுகாப்பு.

7. மொத்தத்தையும் காலி பண்ணி, மருந்து ஊத்திக் கழுவிட்டு ஆரம்பிக்கிறதுதானே நல்லது?

எல்லாருக்கும் இதுதான் முதலில் தோன்றுகிறது. பெரும்பாலான தொட்டிகளுக்கு இதுவே மிக மோசமான தொடக்கம். அம்மோனியாவாலோ ஆக்ஸிஜன் குறைவாலோ செத்திருந்தால் கிருமியே காரணமில்லை. நீங்கள் கழுவி ஊற்றுவது, அடுத்த மீன்களைக் காப்பாற்ற இருந்த நுண்ணுயிர்களைத்தான். புது மீன் வரும்போது தொட்டி முதல் நாளுக்குத் திரும்பியிருக்கும்.

மெலிந்து, வயிறு ஒட்டி, முதுகு வளைந்து மாதக்கணக்கில் மீன்கள் போனாலும், மருந்துக்கு மசியாத புண்கள் திரும்பத் திரும்ப வந்தாலும், எண்ணெயோ பூச்சிக்கொல்லியோ நேரடியாகக் கொட்டியிருந்தாலும் முழுச் சுத்தம் நியாயம். பினாயில் போன்ற தரை கழுவும் திரவங்களை எந்தக் காரணத்துக்கும் தொட்டியில் விடாதீர்கள். அவை பஞ்சிலும் மணலிலும் தங்கிக்கொள்ளும்.

8. சரி, கிருமி நீக்கித்தான் ஆகணும்னா எப்படி?

வாசனையோ சோப்போ சேராத சாதாரண ப்ளீச் 1 பங்குக்கு 19 பங்கு தண்ணீர். கண்ணாடி, குழாய், வலை எல்லாம் அதில் 10 முதல் 15 நிமிடம் ஊறட்டும். நன்றாக அலசி, ஆன்டி குளோரின் தாராளமாகக் கலந்த தண்ணீரில் இன்னொரு முறை ஊறவைத்து, முழுக்க உலர விடுங்கள். ப்ளீச் வாடை துளியும் இருக்கக் கூடாது. மரக்கட்டை, நுண்துளைக் கல் போன்றவை ப்ளீச்சை உறிஞ்சிக்கொள்ளும், அவற்றுக்கு இது வேண்டாம். ப்ளீச்சோடு அம்மோனியாவையோ வினிகரையோ எந்த நிலையிலும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். 11-ஆம் பதிலில் அம்மோனியா வருவதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

7-ல் சொன்ன மாதிரி மெலிந்து, முதுகு வளைந்து போன மீன்களுக்கு மீன் காசநோய் என்று சந்தேகம் இருந்தால் ப்ளீச்சை மட்டும் நம்ப முடியாது. மணல், பஞ்சு, கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, உலர்ந்த கண்ணாடியை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

9. தொட்டிக்குள்ள கை விட்டா நமக்கு ஏதாவது வருமா?

அரிதாக வரும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா விரலில் இருக்கும் வெட்டு, கீறல் வழியாக நுழைந்து, சில வாரம் கழித்து ஆறாத சிவந்த கட்டியாகத் தெரியலாம். காயம் இருந்தால் கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்பால் கழுவுங்கள். அப்படிக் கட்டி வந்தால் மருத்துவரிடம் மீன்தொட்டி வைத்திருப்பதை நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு இந்த நோய் நினைவுக்கே வராமல் போகலாம்.

10. எவ்வளவு யோசிச்சும் காரணம் பிடிபடல. அப்போ என்னதான் செய்யறது?

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கழுவாதீர்கள், காத்திருங்கள். ஆன்டி குளோரின் போட்ட தண்ணீரால் பாதியை மாற்றுங்கள், பழைய தொட்டி என்றால் 6-ஆம் பதிலையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். கரைந்திருக்கும் பல கரிம விஷங்களை அது பிடித்துக்கொள்ளும். பிறகு கார்பனை எடுத்துவிடலாம். மீன் இல்லாமல், 27 அல்லது 28 டிகிரியில், 4 வாரம் தொட்டி ஓடட்டும்.

இந்த 4 வாரம் வீணில்லை. மீனை நம்பியே வாழும் வெள்ளைப்புள்ளி போன்ற ஒட்டுண்ணிகள் பட்டினியில் சாகும். வெள்ளைப்புள்ளியின் நீந்தும் பருவம் மீன் கிடைக்காவிட்டால் இந்தச் சூட்டில் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. குளிர்ந்த தண்ணீரில் அதன் முழுச் சுழற்சி வாரக்கணக்கில் இழுக்கும், சூடு கேட்பது அதனால்தான். பாக்டீரியா நோய்கள் இப்படி முழுக்க ஒழியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் பிறகு நல்ல தண்ணீரும் குறைந்த மீனும்.

ஃபில்டர் நுண்ணுயிர்களுக்கு மட்டும் தீனி வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 1 பி.பி.எம். அளவுக்கு அம்மோனியா கொடுத்தால் அவை சுறுசுறுப்பாக இருக்கும்.

11. அம்மோனியாவை நாமளே ஊத்தணுமா? எப்படி?

ஆமாம், மீன் இல்லாதபோதுதான். சுத்தமான அம்மோனியம் குளோரைடு எளிது. 100 லிட்டருக்கு சுமார் 0.6 கிராம் போட்டால் 2 பி.பி.எம். வரும். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 60 × 30 × 33 தொட்டியில் 59 லிட்டர்தான். மணலும் கல்லும் போக இன்னும் குறையும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 2 பி.பி.எம். போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட் இறங்கும். போட்ட 2 பி.பி.எம். 24 மணி நேரத்தில் அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்று ஆகிவிட்டால் தொட்டி தயார். வழக்கமாக 4 முதல் 6 வாரம். நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் இந்தக் காலம் நன்றாகவே குறையும். பாட்டில் பாக்டீரியா சில நேரம் உதவும், ஆனால் பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பி அன்றைக்கே மீன் விடாதீர்கள். இந்தச் சோதனையில் தேறினால் விடுங்கள்.

12. மூணு வாரமா நைட்ரைட் இறங்கவே மாட்டேங்குது. என்ன தப்பு?

கிட்டின் கடைசி நிறத்திலேயே நின்றால், உண்மையான அளவு அதைவிட எவ்வளவோ மேலே இருக்கலாம். தொட்டித் தண்ணீர் 1 பங்கோடு காய்ச்சி வடித்த தண்ணீர் 9 பங்கு கலந்து சோதித்து, வந்த எண்ணை 10-ஆல் பெருக்குங்கள். மிக அதிகமாக இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றலாம், நுண்ணுயிர்கள் எங்கும் போய்விடாது.

பி.எச்.-ஐயும் பாருங்கள். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது சுமார் 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. பி.எச். 6.5-க்குக் கீழே போயிருந்தால் வேலை மந்தமாகிவிடும். மீன் இல்லாத தொட்டி என்பதால் 100 லிட்டருக்கு 5 கிராம் சமையல் சோடா சேர்த்துப் பாருங்கள், சுமார் 30 பி.பி.எம். காரத்தன்மை கூடும்.

13. ஒரே ஒரு மீன் மட்டும் பிழைச்சிருக்கு. அதை வெச்சே தொடரலாமா?

விஷத்தாலோ ஆக்ஸிஜன் குறைவாலோ மற்றவை போயிருந்தால், தொடரலாம். அதன் கழிவே ஃபில்டருக்குத் தீனி. 11-ல் சொன்ன அம்மோனியாவை மட்டும் அந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நோயால் போயிருந்தால், பிழைத்த மீன் அறிகுறி காட்டாமல் கிருமியைச் சுமக்கலாம், 10-ல் சொன்ன பட்டினிக் காலமும் நடக்காது. தனித்தொட்டிக்கு மாற்றிப் பெரிய தொட்டியைக் காலியாக ஓட்டுங்கள். அதற்கு வழியில்லை என்றால் குறைந்தது 6 வாரம் அந்த மீனைத் தவிர வேறு எதையும் சேர்க்காமல் இருங்கள்.

14. தொட்டி தயார். எத்தனை மீன் விடலாம்?

கடைசியில் வைக்க நினைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஜீப்ரா டேனியோ, பிளாட்டி போன்ற தாங்கும் வகைகளில் தொடங்குங்கள். நியான் டெட்ராவும் ஓட்டோசின்க்லஸும் சில மாதம் பொறுக்கட்டும். இரண்டு வாரம் அம்மோனியா, நைட்ரைட் 0-விலேயே நின்றால் அடுத்த கூட்டம். முதல் வாரம் தீனியைக் குறையுங்கள். ஒரு நாள் போடாமல் விட்டாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது.

15. பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு ஊத்தினா போதும்தானே?

பக்கத்துக் கடையில் வாங்கிய மீனுக்கு 20 நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பது சரி. பார்சலில் ஒரு நாளுக்கு மேல் பயணித்த மீனுக்கு இது ஆபத்து. மூடிய பையில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு பி.எச்.-ஐக் குறைத்து வைத்திருக்கும். பையைத் திறந்து வைத்தால் பி.எச். ஏறும், உள்ளே சேர்ந்த அம்மோனியா விஷமாகும். அதனால் மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும், திறந்து, தாமதிக்காமல் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். எந்தப் பைத் தண்ணீரும் தொட்டிக்குள் போக வேண்டாம்.

முதல் கூட்டத்துக்குத் தொட்டியே தனித்தொட்டி மாதிரிதான். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மீனும் 20 அல்லது 30 லிட்டர் தனித்தொட்டியில் 4 வாரம் இருந்துவிட்டு வரட்டும். அதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரை எப்போதும் பெரிய தொட்டியின் ஒரு மூலையில் ஓடவிட்டால், தேவைப்படும் நாளில் நுண்ணுயிர்களோடு தயாராக இருக்கும். வலையும் தனியாக வேண்டும்.

16. ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு, இன்னிக்கு ஒன்னு செத்துக் கிடக்கு. திரும்பவும் அதேதானா?

ஒரு மீனை வைத்துச் சொல்ல முடியாது. வயதானது, அடிபட்டது, வாங்கும்போதே பலவீனமாக இருந்தது என எதுவாகவும் இருக்கலாம். மற்ற மீன்களைப் பாருங்கள்: மூச்சு வேகமாக வாங்குகிறதா, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறதா, கல்லில் உரசுகிறதா, தீனிக்கு ஓடி வருகிறதா? அன்றைக்கே தண்ணீரைச் சோதியுங்கள்.

எண்கள் சரியாக, மற்றவை சுறுசுறுப்பாக இருந்தால் 3 நாள் தீனியைப் பாதியாக்கிக் கவனியுங்கள். தெரியாத நோய்க்குத் தெரியாத மருந்தை ஊற்ற வேண்டாம். சில மருந்துகள் ஃபில்டர் நுண்ணுயிர்களையும் கொன்று, இல்லாத அம்மோனியாப் பிரச்சினையை உண்டாக்கும். ஒரு வாரத்துக்குள் இரண்டாவது மீன் போனால், இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள், எந்த வகை, எப்படிப் போனது என்று எழுதிக்கொண்டு 2-ஆம் பதிலில் இருந்து தொடங்குங்கள். இந்த முறை உங்களிடம் ஒரு மாதச் சோதனை எண்கள் கையில் இருக்கும்.